உடம்பு சூடு இல்ல, சென்சார் கோளாறு: மெனோபாஸ் வேர்வையும் கெட்டுப்போற தூக்கமும்

எங்க அம்மாவுக்கு ஒரு நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு வயசு இருக்கும்போது நடுராத்திரி எழுந்து வந்து ஹால்ல வெறும் சிமெண்ட் தரையில உக்காந்திருப்பாங்க, கழுத்துல ஒரு ஈரத்துண்டு கிடக்கும். நான் அப்போ காலேஜ். தண்ணி குடிக்க வர்றப்ப பாத்துட்டு என்னம்மா தூங்கலயான்னு கேட்டா, "உடம்பு சூடுடி, நீ போய் படு"ன்னு சொல்லுவாங்க. காலைல வெந்தயம் ஊறவச்சு முழுங்குவாங்க, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சு குளிப்பாங்க, அவ்ளோதான் வைத்தியம். அது என்னன்னு அவங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அப்பாவுக்கு அப்படி ஒன்னு நடக்குதுன்னே தெரியாது.

இப்ப என் முறை. ராத்திரி ரெண்டரைக்கு முழிப்பு வரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அடுத்த நொடி மார்லேர்ந்து கழுத்து, கழுத்துலேர்ந்து முகம்னு ஒரு அனல் ஏறும், பின்கழுத்து முடியெல்லாம் ஒட்டிக்கும், நைட்டி முதுகோட ஈரமா பிடிச்சுக்கும். மூணு நாலு நிமிஷத்துல எல்லாம் அடங்கி அதே ஈரத்தோட குளிர் எடுக்கும். பக்கத்துல படுத்திருக்கிறவர் "ஃபேன ஏன் அஞ்சுல வச்சிருக்க, நடுங்குது"ன்னு போர்வைய இழுத்து மூடுவார்.

இத பத்தி சொந்தக்காரங்க கிட்ட பேசினா ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. சூட்டு உடம்பு, இளநீர் குடி. பிபியா இருக்கும். கவலைய குறை. ஒரு சித்தி, கோழிக்கறிய நிறுத்துன்னாங்க. எல்லாரும் அன்பா தான் சொல்றாங்க, ஆனா அடிப்படையே தப்பா பிடிச்சிருக்கு. அதனால நான் டாக்டர்கிட்ட கேட்டதையும் படிச்சதையும் வச்சு ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன், டாக்டர் இல்லாதவ பாஷையில.

மெனோபாஸ்னா எது, எது இல்ல

பீரியட்ஸ் கடைசியா வந்து முழுசா 12 மாசம் வராம இருந்தா அதுக்குப் பேர் மெனோபாஸ். பின்னால திரும்பிப் பாத்து தான் அத சொல்லவே முடியும். உலக அளவுல சராசரி வயசு 51 பக்கம்னு சொல்றாங்க, இந்தியாவுல அது 46, 47லயே வந்துடுது. அதுக்கு முன்னாடி பீரியட்ஸ் ஒரு மாசம் வந்து ரெண்டு மாசம் வராம, வந்தா கொட்டித் தீத்துன்னு தாறுமாறா போற சில வருஷங்கள் இருக்கு பாருங்க, அதுக்கு பெரிமெனோபாஸ்னு பேர். வேர்வை பெரும்பாலும் இந்த பெரிமெனோபாஸ்லயே தொடங்கிடும், அதனால "எனக்கு இன்னும் பீரியட்ஸ் வருதே, எப்படி மெனோபாஸ் தொந்தரவு இருக்கும்"ங்கிற கேள்விக்கு பதில்: இருக்கும்.

நம்ம ஊர்ல இன்னொரு வழியும் உண்டு. கர்ப்பப்பைய எடுத்தவங்க நிறைய பேர், கூடவே ரெண்டு சினைப்பையையும் எடுத்தாச்சா இல்லையான்னு பாதிப் பேருக்கு தெரியாது. சினைப்பை தான் ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன சுரக்குற இடம், ரெண்டையும் எடுத்துட்டா மெனோபாஸ் ஒரே நாள்ல வந்துடும், வேர்வையும் வேகமா வரும். ஆபரேஷன் பேப்பர பீரோவுலேர்ந்து எடுத்து ஒரு தடவ பாத்துடுங்க.

எவ்ளோ நாள் நீடிக்கும்? அமெரிக்காவுல ஸ்வான்னு ஒரு ஆய்வு, பல இனப் பெண்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தது, 2015ல சொன்ன கணக்குப்படி அடிக்கடி வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு 7.4 வருஷத்துக்கு மேல நீடிச்சுது. ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு பல்ல கடிச்சுட்டு இருக்கற விஷயம் இல்ல இது.

மொட்டைமாடி டேங்க்

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். வீட்ல மொட்டைமாடி டேங்க்குக்கு ஆட்டோமேட்டிக் மோட்டர் போட்டிருக்கீங்களா? உள்ள ரெண்டு சென்சார் தொங்கும், ஒன்னு கீழ ஒன்னு மேல. தண்ணி கீழ் சென்சாருக்கு கீழ இறங்கினா மோட்டர் ஓடும், மேல் சென்சார தொட்டா நிக்கும். நடுவுல தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் மோட்டர் கண்டுக்காது.

ஒரு நாள் எலக்ட்ரீஷியன் வந்து சென்சார மாட்டும்போது ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல கட்டிட்டு போயிட்டார்னு வைங்க. யாராவது பாத்ரூம்ல ஒரு மக்கு தண்ணி எடுத்தா மோட்டர் ஓடும், அரை நிமிஷத்துல நிக்கும், மறுபடி கை கழுவினா ஓடும். டேங்க்ல தண்ணி சரியா தான் இருக்கு, மோட்டரும் நல்ல மோட்டர், கெட்டது அந்த ரெண்டு சென்சாருக்கும் நடுவுல இருந்த இடைவெளி.

நம்ம உடம்புலயும் இதே மாதிரி ரெண்டு கோடு உண்டு. மேல் கோட்ட தாண்டினா வேர்க்கணும், கீழ் கோட்டுக்கு இறங்கினா நடுங்கணும், நடுவுல உடம்பு சும்மா இருக்கும். டெட்ராய்ட்ல ராபர்ட் ஃப்ரீட்மேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இத அளந்து பாத்தார். மெனோபாஸ் வந்தும் வேர்வை தொந்தரவு இல்லாத பெண்களுக்கு அந்த இடைவெளி சுமார் 0.4 டிகிரி செல்சியஸ் இருந்துச்சு, தொந்தரவு இருக்கிறவங்களுக்கு கிட்டத்தட்ட பூஜ்யம். அதாவது போர்வைய கொஞ்சம் இழுத்து மூடினா, சூடா ஒரு டம்ளர் பால் குடிச்சா ஏறுற அந்தத் துளி சூட்டுக்கே உடம்பு "தீப்பிடிச்சிருச்சு"ன்னு சங்கு ஊதிடுது.

அதனால வேர்க்கும்போது தெர்மாமீட்டர் வச்சா காய்ச்சல் காட்டாது. தோல் சூடாகுறது உண்மை, ஏன்னா உள்ள இருக்கிற சூட்ட வெளிய தள்ளுறதுக்காக தோலுக்கு ரத்தத்த பாய்ச்சுது. அனல் தெரியறது உடம்பு சூடாகுறதால இல்ல, உடம்பு தன்னைத் தானே அவசரமா ஆத்திக்கிறதால. ஆத்துறது அளவுக்கு மீறிப் போயி கீழ் கோட்டையும் தாண்டிடுது, அதான் பின்னாடியே வர்ற குளிர்.

சுருக்கமா: சூடு கூடல. சூட்ட அளக்குற இடம் தொட்டாச்சிணுங்கி ஆயிடுச்சு. பகல்ல வந்தா இத ஹாட் ஃப்ளாஷ்னு சொல்றாங்க, தூக்கத்துல வந்தா நைட் ஸ்வெட்ஸ், ரெண்டும் ஒன்னு தான்.

அந்த சென்சார கெடுத்தது யாரு

மூளைக்கு அடியில ஹைப்போதாலமஸ்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, பசி, தாகம், உடம்பு வெப்பம் எல்லாத்துக்கும் அது தான் கன்ட்ரோல் ரூம். அங்க ஒரு நரம்பு செல் கூட்டத்துக்கு கேண்டி நியூரான்னு பேர். வாயில போடுற கேண்டி இல்லீங்க, அது சுரக்குற மூணு பொருளோட முதல் எழுத்துகள சேத்து வச்ச பேர். இந்த செல்லுங்க ஈஸ்ட்ரோஜனோட பேச்சுக்கு கட்டுப்பட்டு அமைதியா இருக்கும். மாமியார் ஊருக்கு போன வீடு மாதிரி, ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சதும் இதுங்க ஆட்டம் போட ஆரம்பிக்கும், பருத்துக்கூட போகும், பக்கத்துல இருக்கிற வெப்பக் கட்டுப்பாட்டு செல்லுங்கள சும்மா சும்மா தட்டி எழுப்பும்.

இது வெறும் தியரி இல்ல. அந்த செல்லுங்க அனுப்புற ஒரு சிக்னலுக்கு நியூரோகைனின்-பி (B)ன்னு பேர், அந்த சிக்னல் போய் சேர்ற கதவ அடைக்கிற மாத்திரைய செஞ்சு குடுத்துப் பாத்தா வேர்வை குறைஞ்சுது. ஃபெசோலினெடன்ட்னு அந்த மருந்துக்கு 2023 மே மாசம் அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு. அதுல ஹார்மோனே கிடையாது. கல்லீரல பாதிக்கலாம்ங்கிறதால ரத்த டெஸ்ட் எடுத்துட்டே தான் சாப்பிடணும், அது வேற விஷயம்.

வேர்வை தான் எழுப்புதா?

இங்க தான் எனக்கே ஆச்சரியம். நான் நெனச்சது: வேர்க்குது, அதனால முழிப்பு வருது. தூக்க ஆய்வுக்கூடத்துல தலையில வயர் ஒட்டி, தோல்ல சென்சார் ஒட்டி பாத்தா எல்லா தடவையும் அப்படி இல்ல, சில தடவ முழிப்பு முதல்ல வருது, அனல் அதுக்கு அப்புறம். மூளையில கிளம்புற அந்த ஒரே தட்டு நம்மளையும் எழுப்புது வேர்வையையும் கிளப்புது. அந்த நெஞ்சு படபடப்பு முதல்ல வர்றது இதனால தான் போல.

இன்னொன்னு, முன்பாதி ராத்திரி வர்றது தான் அதிகமா எழுப்பி விடும். பின்பாதியில கனவு வர்ற தூக்கம் அதிகம், அந்த நேரத்துல மூளை வெப்பக் கட்டுப்பாட்ட கொஞ்சம் ஓரங்கட்டிடும், அதனால அனலும் கம்மி.

அப்போ விடியக்காலைல நாலு மணிக்கு முழிச்சுட்டு ஆறு மணி வரை ஃபேன எண்ணிட்டு கிடக்கிறது எதனால? அது பெரும்பாலும் வேர்வை கணக்குல வராது. புரோஜெஸ்டரோன்னு இன்னொரு ஹார்மோன், அது இயல்பாவே கொஞ்சம் தூக்கத்த தர்றது, அதுவும் குறைஞ்சுட்டே வருது. மெனோபாஸுக்கு அப்புறம் ஸ்லீப் ஆப்னியா கூடுது, அதாவது தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு விட்டு விட்டு நிக்கிறது. நம்ம வீடுகள்ல "அவ நல்லா குறட்டை விட்டு தூங்குறா, அவளுக்கு என்ன குறை"ன்னு சொல்லுவாங்க, அந்தக் குறட்டை தான் குறையே. கொட்டித் தீத்த பீரியட்ஸால இரும்புச்சத்து போயிருந்தா, படுத்த உடனே கால ஆட்டணும் போல ஒரு குறுகுறுப்பு வரும், அதுவும் தூங்க விடாது.

இது எல்லாத்துக்கும் மேல ஒன்னு இருக்கு, பயம். பத்து நாள் தூங்கலன்னா பதினோராவது நாள் படுக்கைய பாத்தாலே "இன்னைக்கு வருமா வராதா"ன்னு மனசு ஆரம்பிச்சுடும். படுக்கை தூங்குற இடமா இல்லாம முழிச்சுட்டு கணக்கு போடுற இடமா மாறிடும். வேர்வை நின்ன பிறகும் தூக்கம் திரும்பாதவங்க நிறைய பேருக்கு இது தான் கத.

சுருக்கமா: ராத்திரியில ரெண்டு தனித்தனி பிரச்சனை ஓடுது. ஒன்னு சென்சார், இன்னொன்னு தூக்கப் பழக்கம். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. ஒன்ன மட்டும் பாத்துட்டு "எதுவும் வேலைக்கு ஆகல"ன்னு விட்டுடுறோம்.

படுக்கை, ஃபேன், நைட்டி

இதெல்லாம் அனல நிறுத்தும்னு நான் சொல்லல, அப்படி நிரூபணமும் கிடையாது. வந்தா திரும்ப தூங்கப் போறத சுலபமாக்கும், அந்த அளவுல எடுத்துக்கோங்க.

வேர்வை குளிர்ச்சி தர்றது அது காயும்போது தான். சென்னை மாதிரி கடலோர ஊர்ல காத்துலயே ஈரம் இருக்கு, வேர்வை காயாது, வழியும். அதனால காத்து ஓட்டம் முக்கியம். சீலிங் ஃபேன் ரெண்டு பேருக்கும் பொது, சண்டை வரும், என் பக்கத்துல மட்டும் ஒரு சின்ன டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரா வச்சதுல எங்க வீட்டு போர்வைச் சண்டை முடிஞ்சுது. பாலியஸ்டர் கலந்த பளபளா நைட்டிய தூக்கி போட்டுட்டு பழைய காட்டன் நைட்டி, துவைச்சு துவைச்சு நூல் தெரியுற பக்குவத்துல இருக்குமே, அது. மாத்து நைட்டி ஒன்னும் ஒரு துண்டும் தலமாட்டுலயே இருக்கட்டும், பீரோவ திறந்து லைட்ட போட்டு தேடினா தூக்கம் முழுசா போயிடும். கனமான ஒரே கம்பளிக்கு பதிலா மெல்லிசா ரெண்டு போர்வை. ரெக்ஸின் உறை போட்ட மெத்தைன்னா மேல ஒரு கோரைப்பாய் விரிச்சுப் பாருங்க.

சாயங்கால காபி. சொல்லவே கஷ்டமா இருக்கு. குடிச்ச கஃபீன் பாதியா குறையவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், ஆறு மணிக்கு குடிச்ச டிகிரி காபியில பாதி பதினோரு மணிக்கும் உள்ள உக்காந்திருக்கும்.

இளநீர், மோர், வெந்தயம் எல்லாம் தாராளமா சாப்பிடுங்க, சுகர், கிட்னி தொந்தரவு இருக்கிறவங்க மட்டும் இளநீருக்கு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆனா அது சென்சார சரி பண்ணும்னு எதிர்பாக்காதீங்க. ஹார்மோன சமன் செய்யும்னு விக்கிற மூலிகை மாத்திரைகளுக்கு மட்டும் நான் காசு கொடுக்க மாட்டேன், உள்ள என்ன இருக்குன்னு பாதி டப்பாவுல ஒழுங்கா எழுதியே இருக்கிறது இல்ல.

தூக்கத்துக்கு தனியா ஒரு பயிற்சி

சிபிடி-ஐன்னு ஒன்னு இருக்கு, மாத்திரை இல்லாம தூக்கமின்மைக்கு குடுக்கிற பழக்க மாற்றப் பயிற்சி. 2016ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, அனல் தொந்தரவும் தூக்கமின்மையும் சேந்து இருந்த பெண்களுக்கு ஃபோன்லயே ஆறு தடவை இந்தப் பயிற்சிய சொல்லிக் குடுத்தாங்க. அனல் வர்ற எண்ணிக்கை குறையல. ஆனா தூக்கம் நல்லா கூடிச்சு, அனல் வந்தாலும் அது படுத்துற பாடு குறைஞ்சுது. நான் மேல ரெண்டு தனி பிரச்சனைன்னு சொன்னதுக்கு இத விட நல்ல சாட்சி எனக்கு கிடைக்கல.

அதுல முக்கியமானது மூணு. காலைல எழுந்திரிக்கிற நேரம் தினமும் ஒன்னே, ராத்திரி எவ்ளோ மோசமா போயிருந்தாலும், ஞாயித்துக்கிழமையா இருந்தாலும். ரெண்டாவது, முழிப்பு வந்து ஒரு இருபது நிமிஷமா புரண்டுட்டு இருக்கிற மாதிரி தோணினா எழுந்து வேற இடத்துல மங்கலான வெளிச்சத்துல உக்காருங்க, கண்ணு சொக்கும்போது திரும்ப வாங்க. கடிகாரத்த பாக்கக் கூடாது, "நாலு மணி நேரம் தான் இருக்கு"ங்கிற கணக்கு தான் விஷமே. ஃபோன் வேண்டாம், ரெண்டரை மணிக்கு அண்ணி குரூப்ல போட்ட குட் மார்னிங்க பாக்க அவசரம் இல்ல.

மூணாவது தான் கஷ்டம். தூங்குறது அஞ்சரை மணி நேரம், படுக்கையில கிடக்கிறது ஒன்பது மணி நேரம்னா, படுக்கையில இருக்கிற நேரத்த ஆறா சுருக்கணும். ஒன்பது மணிக்கே போய் படுக்காம பதினொன்னரைக்கு படுத்து அஞ்சரைக்கு எழுந்திரிக்கணும். முதல் வாரம் பகல்ல தள்ளாடும். தூக்கம் இறுகின பிறகு கால் மணி நேரம் கால் மணி நேரமா கூட்டலாம். ஸ்கூட்டர், கார் ஓட்டுறவங்க, வலிப்பு இருக்கிறவங்க, ஸ்லீப் ஆப்னியா சந்தேகம் இருக்கிறவங்க இத மட்டும் டாக்டர் இல்லாம செய்யாதீங்க.

மருந்துன்னா பயம்

அனல குறைக்கிறதுல இன்னைக்கும் முதல் இடம் ஹெச்ஆர்டி, குறைஞ்ச ஈஸ்ட்ரோஜன வெளியிலேர்ந்து குடுக்கிற சிகிச்சை. அனல் வர்ற எண்ணிக்கை முக்கால்வாசி குறையும். கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு கூடவே புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் கண்டிப்பா குடுக்கணும், இல்லன்னா கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சு புற்றுநோய்க்கு வழி ஆயிடும்.

"அது கேன்சர் வரவைக்கும்"ங்கிற பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுல விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு பெரிய ஆய்வு, 2002ல அதுல ஒரு பகுதிய பாதியில நிறுத்தினாங்க. ரெண்டு ஹார்மோனும் சாப்பிட்டவங்கள்ல மார்பகப் புற்றுநோய் வருஷத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் கணக்குல கூடுதலா இருந்துச்சு. உலகம் பூரா பெண்கள் மாத்திரைய தூக்கிப் போட்டாங்க. ஆனா அந்த ஆய்வுல இருந்தவங்களோட சராசரி வயசு 63, அனல் தாங்காம மருந்து கேட்டு வர்ற ஐம்பது வயசுக்காரங்க இல்ல. பிறகு வயசு வாரியா பிரிச்சு பாத்ததுல, 60 வயசுக்குள்ள, மெனோபாஸ் வந்து 10 வருஷத்துக்குள்ள தொடங்கினா பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மை தான் கூடன்னு இப்ப மருத்துவ அமைப்புகள் சொல்லுது. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, ரத்தக்கட்டி, பக்கவாதம், கல்லீரல் நோய் இருந்தவங்களுக்கு பொதுவா குடுக்க மாட்டாங்க. அவங்களுக்கு மனச்சோர்வுக்கு தர்ற சில மாத்திரைகள் குறைஞ்ச அளவுல, கபாபென்டின்னு வேற வழிகள் இருக்கு. கபாபென்டின் தூக்கமும் தரும், ராத்திரி மட்டும் தொந்தரவுன்னா டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்.

இது மெனோபாஸ் இல்லாம இருந்தா

வயசு நாப்பத்தஞ்சு ஆச்சுன்னாலே எல்லாத்தையும் இதுல தள்ளிடுறோம், அது ஆபத்து. ராத்திரி வேர்வையோட சாயங்கால காய்ச்சல், எடை குறையறது, விடாத இருமல் இருந்தா டிபி டெஸ்ட் எடுக்கணும். கழுத்து, அக்குள்ல கட்டி தட்டுப்பட்டா காட்டணும். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு, இதே வேர்வை. சுகருக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுக்கிறவங்களுக்கு ராத்திரி சுகர் இறங்கினாலும் வேர்த்து ஊத்தும், வேர்க்கும்போதே விரல்ல குத்திப் பாருங்க, 70க்கு கீழன்னா அது மெனோபாஸ் இல்ல, உடனே ஏதாவது இனிப்பா சாப்பிட்டுட்டு காலைல டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்புறம், 12 மாசம் நின்ன பீரியட்ஸ் திரும்ப ஒரு சொட்டு பட்டாலும் "உடம்பு சூட்டுல வந்துச்சு"ன்னு சொல்லிட்டு இருக்காம மகப்பேறு டாக்டர பாக்கணும்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி

அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்ல முடியாது, அவங்களுக்கும் கேக்க நேரம் இருக்காது. ஒரு பழைய நோட்டுல ரெண்டு வாரத்துக்கு எழுதுங்க: எத்தனை மணிக்கு படுத்தேன், வேர்வை எத்தனை தடவ, நைட்டி மாத்துற அளவுக்கா இல்லையா, காலைல எத்தனைக்கு எழுந்தேன், கடைசி பீரியட்ஸ் தேதி, சாப்பிடுற மாத்திரைகள், கடைசியா காபி குடிச்ச நேரம். ராத்திரியே எழுத வேண்டாம், காலைல குத்துமதிப்பா போதும்.

நான் அப்படி எழுதி எடுத்துட்டு போனேன். டாக்டரம்மா ரெண்டு பக்கம் புரட்டிப் பாத்துட்டு வேர்வைய பத்தி ஒன்னும் கேக்கல, பேனாவால ஒரு வரிய தட்டி, "இந்த ஏழு மணி காபி தினமுமா?"ன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து தலைய வேகமா ஆட்டினார்.